ஒரு பிடி மண்

ஸ்காட்லாந்து தேசத்து அரசர்களின் பெயர்களைச் சரித்திரப் புஸ்தகங்களின் கடைசிப் பக்கங்களில் அட்டவணையாக அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் 1329-ஆம் ஆண்டு தொடங்கி 1371-ஆம் ஆண்டு வரையில் இரண்டாம் டேவிட் ஆண்டதாக ஒரே வரியில் முடித்துவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ளோ அடிக்குறிப்பிலோ எட்வர்ட் பேலியல் என்று ஒரு பெயரைச் சேர்ப்பதுண்டு. சில அட்டவணைகளில் அந்தத் தயவும் கிடையாது. இத்தனைக்கும் அவன், அந்நாட்டு அரசர்கள் தொன்றுதொட்டு முடிபுனைந்துவந்த ஸ்கூன் மடாலயத்தில், முடிசூட்டும் உரிமை பெற்ற குலத்தைச் சேர்ந்த பிரபுவின் கையாலும் ஒரு மேற்றிராணியாரின் கையாலும் முடி ஏற்றவன். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய சேனையை நேருக்குநேர் நின்று முறியடித்தவன். வம்சாவளியை விரித்துப் பார்த்தால் டேவிட்டைக் காட்டிலும் மூத்த கிளையில் பிறந்தவன். ஒருவன் அரசனாவதற்கு அக்காலத்து உலகம் எவையெவை வேண்டுமென்று விதித்திருந்ததோ அவற்றில் பெரும்பாலானவை அவனிடம் இருந்தன. ஆனாலும் அவன் அரசனாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது மேலுக்குச் சரித்திரக் கேள்விபோலத் தோன்றினாலும், கொஞ்சம் ஆழ்ந்து பார்த்தால், ஆளும் உரிமை கடவுளிடமிருந்து வருவதாக நம்புகிறவர்கள் அது எந்த வாசல் வழியாக வருகிறதென்று எப்படி அறிவார்கள் என்ற கேள்வியில்தான் கொண்டுபோய் விடுகிறது.

அந்நியன் கொடுத்த பலத்தில் வந்தவனை அந்நாட்டார் ஏற்கவில்லை, அவ்வளவுதானே என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு அந்த விடை போதும். எனக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைச் சொல்லக் கதையைச் சற்றுப் பின்னாலிருந்து எடுக்கவேண்டும்.

1286 மார்ச் மாதத்தில் ஒரு புயலிரவு. புதிதாய் மணந்த மனைவியைக் காணும் ஆவலில், உடன் இருந்தவர்கள் தடுத்தும் கேளாமல், கடலோரப் பாதையில் குதிரையேறிப் போன மூன்றாம் அலெக்ஸாந்தர் கிங்ஹார்ன் என்ற இடத்துக்கருகே விழுந்து மாண்டான். பிள்ளைகளெல்லாம் அவனுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். எஞ்சியவள் நார்வே தேசத்திலிருந்த மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்திதான். அந்தக் குழந்தையும் 1290-இல் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் ஆர்க்னித் தீவில் கண்ணை மூடிற்று. சிம்மாசனத்துக்கு 13 பேர் பாத்தியதை கொண்டாடினார்கள். அவர்களில் இருவருடைய வழக்கே வழக்கு. ஹன்டிங்டன் பிரபுவாயிருந்த பழைய ராஜகுமாரன் ஒருவனுக்கு மூத்தவள் மார்கரெட், இளையவள் இசபெல் என்று பெண்கள். மூத்தவளுடைய பேரன் ஜான் பேலியல், இளையவளுடைய மகன் ராபர்ட் புரூஸ். கிளை மூத்ததா, தலைமுறை கிட்டினதா, எது பெரிது என்பதே வழக்கு. தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட், முதலில் தன்னை மேலரசனாக ஒப்புக்கொள்ளும்படி எல்லாரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகுதான் வழக்கைக் கையிலெடுத்தான். பஞ்சாயத்துக்கு வந்தவனே வீட்டில் பாதி எனக்கு என்று தொடங்கின கதை. எனினும் 104 பேர் கூடி விசாரித்து 1292 நவம்பர் 17-ஆம் தேதி அளித்த தீர்ப்பு, அக்காலத்துச் சட்டப்படி, நியாயமானது என்பதைப் பின்வந்தவர்களில் அநேகர் மறுக்கவில்லை. ஜான் பேலியல் அரசனானான்.

நான்கு வருஷம். மேலரசன் என்ற பெயரைக் காட்டி எட்வர்ட் ஸ்காட்லாந்தின் வழக்குகளையெல்லாம் தன் மன்றத்துக்கு இழுத்தான். பிரான்சுடன் தான் தொடுத்த போருக்கு ஆள் அனுப்பச் சொன்னான். 1295-இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் பிரெஞ்சு அரசனுடன் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதற்கு ஈடாக, ஜானின் மகன் சிறுவன் எட்வர்ட் பிரெஞ்சு அரசனின் சகோதரன் மகளை மணப்பதென்றும் அதில் எழுதினார்கள். நம் கதாநாயகன் சரித்திரத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது இவ்வாறு, இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே போடப்பட்ட ஒரு முத்திரையாக. மறுவருஷம் இங்கிலாந்தின் எட்வர்ட் படையெடுத்தான், ஜான் சரணடைந்தான், அவன் மேலங்கியிலிருந்த ராஜ சின்னங்களை எல்லோர் முன்னிலையிலும் பிய்த்தெடுத்தார்கள். அன்று முதல் அவனுக்கு வெற்றங்கி என்று பட்டப்பெயர். தகப்பனோடு மகனையும் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கூனில் அரசர்கள் அமர்ந்து பட்டமேற்ற புராதனக் கல்லும் அதே வருஷம் லண்டனுக்குப் போயிற்று. கல்லுக்கும் சிறுவனுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் வெற்றிப் பொருள்கள்.

இனி மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும். வழக்கில் தோற்ற புரூஸின் பேரன், அவனும் ராபர்ட் புரூஸ்தான், 1306 பிப்ரவரியில் டம்ஃப்ரீஸ் என்னும் ஊரில் பிரான்சிஸ்கத் துறவிகளின் கோயிலுக்குள், பேலியல் கட்சிக்குத் தலைவனாயிருந்த ஜான் காமினைப் பேச அழைத்து, பேச்சு முற்றிக் கத்தியால் குத்தினான். இரத்தம் சிந்தியது பலிபீடத்துக்கருகே. அடுத்த மாதம் அவன் ஸ்கூனில் முடிசூடிக்கொண்டான். பாப்பரசர் அவனைத் திருச்சபையினின்று விலக்கினார். ஜான் பேலியல் உயிரோடிருக்க, கோயிலில் கொலை செய்து கை கழுவாமல் ஏறின சிம்மாசனம் அது. இந்த மனிதனைத்தான் இன்று ஸ்காட்லாந்து முழுவதும் விடுதலை வீரனாகக் கொண்டாடுகிறது. அதில் குற்றம் காண நான் வரவில்லை. எட்டு வருஷம் காடும் குகையுமாய்த் திரிந்து, 1314-இல் பானக்பர்னில் இங்கிலாந்தின் பெருஞ்சேனையைச் சிதறடித்தவன் அந்தக் கொண்டாட்டத்துக்குத் தகுந்தவனே. ஆனால் பிறப்புரிமையைத் தராசில் வைத்தாலும், தர்மத்தைத் தராசில் வைத்தாலும், தொடக்கத்தில் தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது என்பதை மறந்துவிட்டு இந்த விவகாரத்தைப் பேசுவது நேர்மையாகாது.

1320-இல் ஆர்புரோத் மடத்திலிருந்து ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் பாப்பரசருக்கு லத்தீன் மொழியில் எழுதின கடிதம் இந்த இடத்தில் வந்து நிற்கிறது. ராபர்ட் தங்களுக்கு அரசனானதற்குத் தெய்வ சங்கற்பம், வாரிசுரிமை, தங்கள் அனைவருடைய சம்மதம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்தவர்கள், திடீரென்று, அவனே நாளைக்கு எங்களை இங்கிலாந்துக்கு அடிமைப்படுத்த முற்பட்டால் அவனையும் துரத்திவிட்டு எங்களைக் காக்கவல்ல வேறொருவனை அரசனாக்கிக்கொள்வோம் என்று எழுதிவிடுகிறார்கள். கடிதத்தைப் பாப்பரசருக்கு எழுதினாலும் அதைப் படிக்கவேண்டியவன் ராபர்ட்தானோ என்று தோன்றும். மக்கள் என்று அவர்கள் சொன்னது தங்களைத்தான். ஏர் பிடித்தவனையோ மீன் பிடித்தவனையோ யாரும் கேட்கவில்லை. இருந்தாலும், கடவுள் கொடுத்ததையும் மனிதர் சம்மதத்தையும் ஒரே வாக்கியத்தில் கோத்து, முன்னது எவ்வளவு உறுதியானதோ அவ்வளவுக்குப் பின்னதும் இன்றியமையாதது என்று காட்டிய துணிவு சாமானியமானதன்று.

ராபர்ட் 1329 ஜூன் 7-ஆம் தேதி இறந்தான். ஸ்காட்லாந்து அரசர்களும் இனி, இங்கிலாந்து பிரான்ஸ் அரசர்களைப்போல, புனித தைலத்தால் அபிஷேகம் பெறலாமென்று பாப்பரசர் சாசனம் எழுதியது ஜூன் 13-ஆம் தேதி. எந்த அங்கீகாரத்துக்காக ஆயுள் முழுவதும் போராடினானோ அது ஆறு நாள் பிந்தி வந்தது. அதன் பயன் அவன் மகனான ஏழு வயதுப் பிள்ளைக்குப் போயிற்று: 1331 நவம்பரில் டேவிட்டின் சிரசில் தைலம் வார்க்கப்பட்டது, ஸ்காட்லாந்தில் அபிஷேகம் பெற்ற முதல் அரசன் அவனே. நம் பாஷையில் முடிசூட்டுக்கே பட்டாபிஷேகம் என்று பெயராதலால் இதன் முக்கியம் நமக்குச் சட்டென்று விளங்கும். முடி மனிதர் வைப்பது; அபிஷேகம் தெய்வத்தின் ஸ்பரிசம்.

அந்தத் தைலம் உலர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புரூஸின் வெற்றியினால் நிலபுலன்களை இழந்து இங்கிலாந்தில் தங்கியிருந்த பிரபுக்கள் பலர். ஹென்றி போமான்ட் அவர்களுக்குத் தலைவன். பிரான்சில் தன் மூதாதையரின் பண்ணைகளில் காலங்கழித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பேலியலை அவர்கள் தேடிப்பிடித்தார்கள். வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த அவனுக்குப் பெயரும் பாத்தியதையும் தவிர வேறொன்றும் இல்லை. அவர்களுக்கும் அவை போதும். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டோ டேவிட்டுக்குத் தன் தங்கையைக் கொடுத்தவன். 1328-இல் சமாதான உடன்படிக்கை செய்து ஸ்காட்லாந்தைச் சுதந்திர ராஜ்யமென்று ஒப்புக்கொண்டவன். ஆகவே தரை மார்க்கமாக எல்லையைக் கடக்கக்கூடாதென்று உத்தரவு போட்டான். கடல் மார்க்கத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனன் வீட்டுக்குக் கள்ளனை அனுப்பிவிட்டு வாசலைத் தான் காவல் காத்ததாகச் சொல்லிக்கொள்ளும் சாமர்த்தியம் அது. 1332 ஜூலை 31-ஆம் தேதி ஹம்பர் முகத்திலிருந்து 88 கப்பல்கள் புறப்பட்டன. ஆட்கள் ஏறத்தாழ 1500 பேர். அவர்கள் இறங்கிய இடம் கிங்ஹார்ன். அலெக்ஸாந்தர் குதிரையிலிருந்து விழுந்த அதே கரை.

ஆகஸ்ட் 11-ஆம் தேதி பெர்த் நகருக்குத் தெற்கே டப்பிளின் மேட்டில் நடந்ததை யுத்தம் என்பதா, விபத்து என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பேலியலின் ஆட்கள் இரவோடிரவாக எர்ன் ஆற்றை ஒரு துறையில் கடந்து வந்து, குறுகலான ஒரு வெளியில் நடுவே வீரர்களையும் இரு புறமும் வில்லாளிகளையும் நிறுத்திக்கொண்டார்கள். எதிரே இருந்தது பல மடங்கு பெரிய சேனை. அதன் தலைவன் மார் பிரபு, சிறுவன் டேவிட்டுக்குப் பதிலாக ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பத்து நாள்கூட ஆகாதவன். ராபர்ட் புரூஸுக்கு முறைதவறிப் பிறந்த மகன், மார் துரோகி என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல, துரோகியல்லன் என்று காட்டுவதற்கு மார் முந்த, அவனை முந்த இவன் ஓட, இருவர் பின்னாலும் சேனை முழுவதும் அந்தக் குறுகலுக்குள் பாய்ந்தது. முன்வரிசை அம்பினால் நின்றது, பின்வரிசை நிற்கவில்லை. விழுந்தவன்மேல் அடுத்தவன் விழுந்தான். இரும்புக் கவசத்தோடு கீழே கிடந்தவன் எழுந்திருக்க வழியில்லை. காயமே இல்லாமல் மூச்சடைத்துச் செத்தவர்கள் வெட்டுண்டு செத்தவர்களைவிட அதிகம் என்று அக்காலத்தவர்கள் எழுதினார்கள். பிணங்கள் ஈட்டி உயரத்துக்குக் குவிந்து கிடந்தனவாம். மார், புரூஸின் மகன், மாரே பிரபு, மென்டீத் பிரபு எல்லாரும் அந்தக் குவியலில் அடக்கம்.

இதைக் கண்ட உலகம் என்ன சொல்லியிருக்கும்? தெய்வத் தீர்ப்பு என்றது. நெருப்பிலும் நீரிலும் இறக்கிக் குற்றவாளியைக் கண்டறியும் சடங்குகளில் குருமார் கலந்துகொள்ளக்கூடாதென்று 1215-இல் லாத்தரன் பேரவை தடுத்துவிட்டிருந்தது. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது பக்தியாகாது என்பது அத்தடைக்குப் பின்னிருந்த எண்ணம். ஆனால் போர்க்களத்தை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு திருடனுடைய கையைக் காய்ச்சின இரும்பில் வைத்தால் தெய்வத்தைச் சோதிப்பதாகும், ஆயிரக்கணக்கானவர்களை ஒரு பள்ளத்தில் நெரியவிட்டால் தெய்வம் பேசினதாகும் என்ற தர்க்கம் எனக்குப் பிடிபடவில்லை. அதைவிட வேடிக்கை, இத்தீர்ப்பைத் தோற்ற பக்கத்தாரும் மறுக்கவில்லை என்பது. இங்கிலாந்துக்காரன் கோயிலில் நடந்த கொலைக்குக் கூலி என்றான். ஸ்காட்லாந்துக்காரன் எங்கள் அகந்தைக்குத் தண்டனை என்றான். வென்றவனுக்கு உரிமையுண்டென்று கடவுள் சொன்னதாக முன்னவன் படித்த அதே ஓலையில், தோற்றவனைத் திருத்துவதற்காகக் கடவுள் அடித்ததாகப் பின்னவன் படித்தான். அடிக்கிற கோலுக்கு உரிமை ஏது? தகப்பன் கோலை எடுத்துப் பிள்ளையை அடித்தானென்றால் வீடு கோலுக்குச் சொந்தமாகிவிடாது.

செப்டம்பர் 24-ஆம் தேதி ஸ்கூனில் எட்வர்ட் பேலியலுக்கு முடி சூட்டப்பட்டது. அரசனை ஆசனத்தில் அமர்த்தும் பரம்பரை உரிமை ஃபைஃப் பிரபுவின் குலத்துக்கு உண்டு. டப்பிளினில் எதிர்ப்பக்கம் நின்று சிறைப்பட்ட ஃபைஃப் பிரபு ஏறத்தாழ ஆறு வாரத்தில் அந்த உரிமையைப் புது அரசனுக்காகச் செலுத்தினான். முடிசூட்டிய மேற்றிராணியார் டன்கெல்டு நகரத்து வில்லியம் சின்கிளேர். ஒரு காலத்தில் தாமே ஆயுதமேந்தி இங்கிலாந்துக்காரர்களைக் கரையிலிருந்து விரட்டியதற்காக ராபர்ட் புரூஸ் என்னுடைய மேற்றிராணியார் என்று செல்லமாகச் சொல்லிவந்த அதே மனிதர். மனிதர் மாறுவது இயல்பு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் கை அந்த முடியைத் தூக்கியபோது அவர் மனத்தில் வேதாகமத்தின் ஒரு கதை ஓடாமல் இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். சவுல் தைலாபிஷேகம் பெற்ற அரசன். அவன் ஆண்டுகொண்டிருக்கும்போதே தீர்க்கதரிசி சாமுவேல், பெத்லகேமில் ஆடு மேய்த்த பையனுக்கும் தைலம் வார்க்கிறார். ஒரே தேசத்தில் ஒரே காலத்தில் இரண்டு அபிஷிக்தர்கள். சவுல் குகையில் தனியாக அகப்பட்டபோதும், ஆண்டவரால் அபிஷேகம் பெற்றவன்மேல் கை வைக்கமாட்டேனென்று அந்தப் பையன் அங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறான். அந்தப் பையனின் பெயர் டேவிட் என்பது ஸ்கூனில் கூடியிருந்தவர்களுக்கு மறந்திருக்க முடியாது. தைலத்துக்கு இரண்டாவது அர்த்தம் ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது: பெற்றவனுக்கு அது உரிமை, எதிரில் நிற்பவனுக்கு அது விலங்கு. உரிமை போனபிறகும் விலங்கு போவதில்லை.

நவம்பரில் ராக்ஸ்பரோவில் எட்வர்ட் பேலியல் ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தான். இங்கிலாந்து அரசனே தன் மேலரசன். பெரிக் நகரமும் அதைச் சேர்த்து வருஷத்துக்கு 2000 பவுன் வருமானமுள்ள நிலங்களும் அவனுக்கு. டேவிட்டின் கல்யாணம் நிலைக்காதபட்சத்தில் அந்தச் சிறுமியைத் தானே மணந்துகொள்ளவும் தயார். டிசம்பர் மத்தியில் ஆனன் என்னுமிடத்தில் ஒருநாள் விடியற்காலையில் டேவிட்டின் கட்சியார் அவன்மேல் பாய்ந்தார்கள். பேலியலின் தம்பி ஹென்றி வெட்டுண்டு விழுந்தான். முடிசூடி மூன்று மாதம் நிறையாத அரசன், அரையும் குறையுமாக உடுத்தபடி, சேணமில்லாத குதிரையில் எல்லை தாண்டிக் கார்லைல் நகரத்துக்கு ஓடினான். தெய்வத் தீர்ப்பு என்று ஆகஸ்டில் சொன்னவர்கள் டிசம்பரில் என்ன சொன்னார்களோ.

மேலே நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1333-இல் மூன்றாம் எட்வர்டே முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து ஹாலிடன் குன்றில் ஸ்காட்லாந்துச் சேனையை அழித்தான். 1334-இல் பேலியல் தெற்குச் சீமையின் பெரும்பகுதியை, எடின்பரோ உள்பட, அவனுக்கு எழுதிக்கொடுத்து நியூகாசிலில் முழந்தாளிட்டுப் பணிந்தான். டேவிட்டைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த இடத்தில்தான் அந்நியப் பலம் என்ற சுலபமான விடை உடைகிறது. டேவிட் ஏழு வருஷம் இருந்தது பிரெஞ்சு அரசன் கொடுத்த கோட்டையில், பிரெஞ்சு அரசன் சோற்றில். பிரெஞ்சுக்காரன் தர்மத்துக்காகவா கொடுத்தான்? இங்கிலாந்தின் முதுகில் ஒரு முள் வேண்டியிருந்தது, கொடுத்தான். இருவரையும் அந்நியரே தாங்கினார்கள். ஜனங்களின் சம்மதம் என்ற விடையும் முழுதாக நிற்கவில்லை: தென்மேற்கே கேலவே சீமையில், எட்வர்ட் பேலியலின் பாட்டி வழியில் வந்த பழைய தொடர்பை மறவாத குடும்பங்கள் நெடுங்காலம் அவன் பக்கமே நின்றன, கடலோரத்தில் ஹெஸ்டன் என்ற சின்னத் தீவு ஒன்று அவனுக்குப் புகலிடமாயிருந்தது. அந்த ஜனங்கள் ஜனங்களில்லையா?

13-ஆம் நூற்றாண்டின் பெருஞ்சிந்தனையாளரான தாமஸ் அக்வினாஸ், பீட்டர் லொம்பார்டின் நூலுக்கு எழுதிய உரையில் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார். பலாத்காரத்தால் பிடித்த அதிகாரம் அதிகாரமாகாது, முடிந்தபோது அதை உதறலாம் என்பது அவர் கொள்கை. ஆனால் அப்படிப் பிடித்தவனும் பின்னால் மெய்யான தலைவனாகலாமாம், இரண்டு வழிகளில்: ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தால், அல்லது மேலதிகாரியின் அங்கீகாரத்தால். இதை முதலில் படித்தபோது, ஞானி ஒருவர் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டாரே என்று சலிப்பாயிருந்தது. பிறகு யோசித்ததில், இரண்டு அரசர்களையும் பிரிப்பது அந்த இரண்டு கதவுகள்தாம் என்று பட்டது. புரூஸ் இரத்தக் கறையோடு ஏறினான். முதல் கதவுக்கு வெளியே இருபது வருஷம் காத்து நின்று, ஒவ்வொருவராகத் தட்டித் திறக்கவைத்தான். எட்வர்ட் பேலியல் சுத்தமான பாத்தியதையோடு வந்தான். வந்தவன் முதல் கதவைத் தட்டக்கூட நேரமெடுத்துக்கொள்ளாமல் இரண்டாவது கதவை நோக்கி நடந்தான். அந்தக் கதவுக்கு அப்பால் இருந்த மேலதிகாரி, மேலதிகாரியானதே இவன் எழுதிக்கொடுத்த பத்திரத்தால். தான் எழுதின பத்திரத்தைத் தானே சாட்சிக்கு அழைக்கிற வழக்கு எந்த மன்றத்தில் நிற்கும்?

1356 ஜனவரி 20-ஆம் தேதி, மறுபடி ராக்ஸ்பரோ. எட்வர்ட் பேலியலுக்கு எழுபது வயது இருக்கும். மூன்றாம் எட்வர்டின் முன்னால் வந்து நின்று, தலையிலிருந்ததோ கையிலிருந்ததோ, பொன் முடியை எடுத்து அவனிடம் கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. தரையிலிருந்து ஒரு பிடி மண்ணையும் கல்லையும் அள்ளி அதையும் கொடுத்தான். நம் நாட்டில் நீர் வார்த்துத் தானம் கொடுப்பதைப்போல, அந்நாட்டில் ஒருவன் தன் நிலத்தை இன்னொருவனுக்கு மாற்றும்போது மண்ணையும் கல்லையும் கையில் கொடுப்பது அக்காலத்து வழக்கம். ஈடாக அவனுக்கு 5000 மார்க் ரொக்கமும் வருஷத்துக்கு 2000 பவுனும் கிடைத்தன.

அந்தக் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மனக்கண்ணால்தான். குளிர்காலத்து மண், ஈரமாயிருக்கும், விரலிடுக்கில் ஒட்டும். கொடுத்த பிறகு கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். நிலத்தை அப்படிக் கொடுக்கலாம், அது கொடுப்பவனுடையதாயிருந்தால். முடியை? அவன் வாழ்நாள் முழுவதும் சொன்னது ஒன்றுதான்: இது என் தகப்பன் சொத்து, சட்டப்படி எனக்குச் சேரவேண்டியது. சட்டம் அவன் பக்கம் இருந்தது. ஆகவேதான் சொத்தாகவே பார்த்தான். சொத்தாகப் பார்த்ததனால் பிரித்து எழுதிக்கொடுக்கவும், கடைசியில் விற்கவும் அவன் மனம் கூசவில்லை. ஆளும் உரிமை தெய்வத்தினிடமிருந்து வருகிறதென்று நம்புகிறவன் அதை நிக்ஷேபமாக, பத்திரமாய் வைத்திருந்து திருப்பித் தரவேண்டிய அடைக்கலப் பொருளாக அல்லவா எண்ணவேண்டும்? கடவுள் கொடுத்தது என்ற அதே வாக்கியம் ஒருவனுக்கு, ஆகவே இது என்னுடையது என்று முடிகிறது. இன்னொருவனுக்கு, ஆகவே இது என்னுடையதன்று என்று முடிகிறது. ஆர்புரோத் கடிதத்தை எழுதினவர்கள் இரண்டாவது முடிவைத் தங்கள் அரசன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிறப்போ, வெற்றியோ, தைலமோ, அந்நியப் படையோ அன்று, இந்த ஒரு வித்தியாசமே எட்வர்ட் பேலியலை அடிக்குறிப்புக்கு அனுப்பியது என்று நான் நினைக்கிறேன்.

நினைக்கிறேனே தவிர, டேவிட்டை எதிர்வரிசையில் நிறுத்தி இந்த முடிவை அலங்கரிக்க வழியில்லை. 1341-இல் ஊர் திரும்பினவன் 1346-இல் இங்கிலாந்துக்காரர் கையில் சிறைப்பட்டான். 11 வருஷம் கழித்து 1,00,000 மார்க் மீட்புப் பணத்துக்கு உடன்பட்டு வெளியே வந்தான். தவணை கட்ட முடியவில்லை. தனக்குப் பிள்ளையில்லாததால் இங்கிலாந்து அரச குடும்பத்திலிருந்தே ஒருவன் ஸ்காட்லாந்துக்கு வாரிசாகட்டும், பணத்தை விட்டுக்கொடுங்கள் என்று பேரம் பேசினான். புனித தைலம் வார்த்த தலைதான் அந்த யோசனையையும் யோசித்தது. 1364 மார்ச் மாதம் ஸ்கூனில் கூடிய பார்லிமெண்டு சபை அதற்கு இணங்க மறுத்துவிட்டது, டேவிட்டும் அடங்கிப்போனான். நிக்ஷேபத்தைக் காத்தவன் அரசனா, அரசனைத் தடுத்தவர்களா? டேவிட்டின் பெயர் அட்டவணையில் முழு வரியாக நிற்பதற்கு அவன் செய்தது எவ்வளவு, அவனைச் செய்யவிடாதது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், அவனுடைய பெருமையில் பாதி அவனை மறுத்தவர்களுக்குச் சேரும்.

அந்தச் சபை கூடுவதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஜனவரியில், யார்க்‌ஷயர் சீமையில் டான்காஸ்டர் பக்கத்தில் எட்வர்ட் பேலியல் சந்ததியின்றி இறந்திருந்தான். பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கே கழித்த வருஷங்களைப்பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. வேட்டையில் பிரியமுள்ளவன். அருகிலே ஹாட்ஃபீல்டு என்ற வனம், அரசனுடைய வேட்டைக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் புகுந்து மான்களையும், குளங்களில் பெரிய பெரிய மீன்களையும் அவன் பிடித்திருக்கிறான். குற்றம் குற்றந்தானே. மூன்றாம் எட்வர்ட் அவனுக்கு மன்னிப்புப் பத்திரம் எழுதிக்கொடுத்தான். எத்தனை மான், எத்தனை மீன், ஒவ்வொரு மீனும் எத்தனை நீளம் என்று குமாஸ்தா ஒருவர் அதில் ஒழுங்காகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.